மூலிகையும் சோதனைக் குழாயும்

எமது கடைத்தெருக்களில் அண்மைக் காலமாக ஒரு சொல் உலாவி வருகின்றது. தேயிலைப் பெட்டியிலும், முருங்கையிலைத் தூள் அடைத்த போத்தலிலும், மஞ்சட் குளிசைப் பொதியிலும், முகத்திற் பூசும் களிம்பிலும் அது பெரிய எழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. 'ஒட்சியேற்ற எதிரி' என்பதே அச்சொல். ஆங்கிலத்திற் பழகியோர் 'அன்ரிஒக்சிடன்ற்' என்பர். வாங்குபவருக்கு அதன் பொருள் தெரியாது. விற்பவருக்கும் பெரும்பாலுந் தெரியாது. ஆயினும் விலையை உயர்த்தும் ஆற்றல் அதற்கு உண்டென்பதை விற்பவர் நன்கறிவார். பொருள் விளங்காத சொல்லுக்கு மக்கள் அஞ்சிப் பணங் கொடுத்த காலம் மந்திரவாதியோடு முடிந்துவிடவில்லை. ஆய்வுகூடத்தின் வெள்ளை அங்கியை அணிந்துகொண்டு அது மீண்டும் வந்திருக்கின்றது.

மூலிகைகளை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. வேலியோரத்து ஆடாதோடையும், கிணற்றடி வல்லாரையும், முற்றத்து வேம்பும் எமது மக்களைப் பல தலைமுறைகளாகத் தாங்கி வந்தவை. வைத்தியசாலை எட்டாத ஊர்களிற் பரியாரியாரின் குடிநீரே ஏழையின் துணையாக இருந்தது. 'பரராசசேகரம்' போன்ற வைத்திய நூல்களை ஆக்கி வைத்த மண் இது. சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்ததும், அவருடைய முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்ததும் இம்மண்ணோடு தொடர்புடைய செய்திகளே. மருத்துவமும் இரசாயனமும் எமது மொழிக்குப் புதியனவல்ல. அவ்வாறிருக்க, இரசாயனத்தின் ஒரு சொல் இன்று மக்களைத் தெளிவிப்பதற்குப் பதிலாக மயக்குவதற்குப் பயன்படுவது ஏன்? இதனை ஆராய்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமை எனக் கருதுகின்றோம்.

முதலிற் சொல்லின் பொருளை நோக்குவோம். இரும்பு கறள் பிடிக்கின்றது. திறந்து வைத்த எண்ணெய் காறல் நாற்றம் எடுக்கின்றது. வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுக்கின்றது. இம்மூன்றிலும் நிகழ்வது ஒட்சியேற்றமே. எமது உடலில் உணவு எரிக்கப்படும் பொழுதும் ஒட்சிசனின் சில வடிவங்கள், சோடி சேராத தனி இலத்திரனுடன் பிறக்கின்றன. இவற்றைச் 'சுயாதீன மூலிகங்கள்' என்று பாடநூல்கள் குறிக்கும். மூலிகைக்கும் மூலிகத்துக்கும் இடையே வேற்றுமை சிறிதே; இன்றைய மூலிகை வாணிபத்தின் பெரும்பகுதி அச்சிறு இடைவெளிக்குள்ளே நடைபெறுகின்றது. தனித்த இலத்திரன் துணை தேடும். அருகிலுள்ள கொழுப்பிலிருந்தோ புரதத்திலிருந்தோ ஒன்றைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததைத் தாக்கும். இவ்வாறு நாடோறும் சேரும் சேதமே முதுமைக்குக் காரணம் என்னுங் கருத்தை அமெரிக்கரான டென்ஹம் ஹாமன் 1956இல் வெளியிட்டார். தன்னிடமுள்ளதை விட்டுக்கொடுத்து இப்பறிப்பை நிறுத்தும் பொருளே ஒட்சியேற்ற எதிரி எனப்படும்.

தாவரங்களில் இத்தகைய பொருள்கள் நிரம்ப உண்டு. வெயிலுக்கும் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அஞ்சி ஓடித் தப்ப இயலாத உயிர், நின்ற இடத்திலேயே தனக்கான ஆயுதங்களைச் செய்துகொள்கின்றது. தேயிலையின் கற்றெக்கின், மஞ்சளின் குர்குமின், நெல்லிக்காயின் தனின் ஆகிய யாவும் பீனோல் இனத்தைச் சேர்ந்தவை. இவை செடி தனக்காகச் செய்துகொண்டவை. மனிதனின் நோயை எண்ணிச் செய்தவையல்ல. அவற்றுட் சில எமக்கும் பயன்படக்கூடும். எது, எவ்வளவு, எவ்வாறு பயன்படும் என்பதைத் தேடிக் காண்பதே விஞ்ஞானத்தின் வேலை.

அத்தேடலின் முதற்படியாக ஓர் எளிய பரிசோதனை உலகெங்கும் வழங்குகின்றது. டி.பி.பி.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சேர்வை, தானே ஒரு சுயாதீன மூலிகம். ஆயினும் போத்தலில் அடைத்து வைக்கத்தக்க உறுதி வாய்ந்தது. அதன் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது. இலையை உலர்த்தித் தூளாக்கி, மெதனோலில் ஊறவைத்து, வடித்த சாற்றை அதனுட் சேர்த்தால் ஊதா மறைந்து மஞ்சள் நிறம் தோன்றும். எவ்வளவு நிறம் மறைந்ததென்பதை நிறமானியில் அளந்தால் ஒரு நூற்றுவீதம் கிடைக்கும். மார்ஸ்டன் புளொய்ஸ் என்பவர் 1958இல் எடுத்துரைத்த முறை இது. மலிவானது, விரைவானது, மாணவர்க்கும் எளிதிற் கைவரக்கூடியது. பணவசதி குறைந்த எமது நாடுகளின் பல்கலைக்கழகங்களில், செடிக்கொரு கட்டுரையாக இம்முறையில் எழுதிக் குவிப்பதற்கு அதுவே காரணம். முறையிற் குற்றமில்லை. அது விடையளிக்கும் வினா எது என்பதை மறந்துவிடுவதிலேதான் குற்றம் இருக்கின்றது. 'இச்சாற்றிலுள்ள பொருள் குழாயிலுள்ள ஒரு மூலிகத்தின் நிறத்தை நீக்குமா?' என்பதே அதன் வினா. 'இம்மூலிகை மனிதனின் நோயை நீக்குமா?' என்பது முற்றிலும் வேறு வினா.

இவ்வேறுபாட்டை மாணவர் எவ்வளவு விரைவில் உணர்கின்றனர் என்பதை வகுப்பறையிற் கண்டிருக்கின்றோம். எமது பாடசாலையில் டி.பி.பி.எச். வாங்க வசதியில்லை. ஆகவே அயடீன் கரைசலிற் சிறிது மாப்பொருளைச் சேர்த்துக் கடும் நீலமாக்கினோம். ஒரு குழாயில் நெல்லிக்காய்ச் சாறு விட்டோம், நீலம் மறைந்தது. இன்னொன்றில் தேசிக்காய்ப் புளி, மறைந்தது. மூன்றாவதில் வெறுந் தேநீர்; அதுவும் மறைந்தது. பிள்ளைகளின் முகத்தில் மகிழ்ச்சி. எமது உணவின் பெருமை கண்முன்னே நிறுவப்பட்டுவிட்டதல்லவா? பின்னர் நான்காவது குழாயிற் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை விட்டோம். ஏனைய மூன்றினையும் விட வேகமாக நீலம் மறைந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“அப்பிடியெண்டால் சேர், இதுவும் மருந்தோ?”

பல ஆய்வுக் கட்டுரைகள் கேட்கத் தவறிய வினாவை அப்பிள்ளை கேட்டுவிட்டாள். அதற்குரிய விடையும் சுவையானது. தயோசல்பேற்று உண்மையில் ஒரு மருந்துதான். சயனைட்டு நஞ்சுண்டவருக்கு வைத்தியசாலைகளில் அதனை ஏற்றுவர். ஆயின் அது அயடீனின் நிறத்தை நீக்குவதனால் மருந்தாகவில்லை. உடலிலுள்ள ஒரு நொதியத்தின் துணைகொண்டு தன் கந்தகத்தைச் சயனைட்டுக்கு வழங்கி, அதனைக் கேடு குறைந்த வேறொரு பொருளாக மாற்றுவதனால் மருந்தாகின்றது. குறித்த நஞ்சு, குறித்த இடம், குறித்த செயல் ஆகிய மூன்றும் கூடினாற்றான் மருந்து. நிறம் மறைதல் இவற்றுள் ஒன்றையும் எமக்குச் சொல்வதில்லை.

குழாயிற் கண்டது உடலிலும் நிகழும் என நம்பியோர் கற்ற பாடம் மிகக் கசப்பானது. முருங்கையிலை, பப்பாசி, கரற் முதலியவற்றிலுள்ள பீற்றாக்கரோட்டின் ஒரு சிறந்த ஒட்சியேற்ற எதிரியாக மதிக்கப்பட்டது. அதனைக் குளிசையாகக் கொடுத்தாற் புகைப்பவரின் சுவாசப்பைப் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்துப் பின்லாந்தில் 29,133 ஆண்களிடம் பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவு 1994இல் வெளிவந்தபோது, அக்குளிசையை உண்டோரிடம் புற்றுநோய் 18 வீதம் மிகுந்திருக்கக் கண்டனர். அமெரிக்காவிற் புகைப்பவரையும் கல்நார்த் தூசியில் உழைத்த தொழிலாளரையும் சேர்த்து நடத்திய மற்றொரு பரிசோதனையில், அதனுடன் விற்றமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தபோது 28 வீதம் மிகுந்தது. 1996இல் அதனை இடையிலேயே நிறுத்தினர். முருங்கையிலைச் சுண்டல் கெடுதி என்பது இதன் பொருளன்று. உணவிலே சிறிதளவாகப் பலவற்றோடு கலந்து வருவதும், பிரித்தெடுத்துப் பெருமளவிற் குளிசையாகத் தருவதும் ஒன்றாகா என்பதே பொருள். மேலும், எமது உடல் மூலிகங்களின் முன் நிராயுதபாணியாக நிற்கவில்லை. அவற்றை அடக்கும் நொதியங்கள் அதனிடமே உண்டு. அத்தகைய ஒன்றை மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர் 1969இற் கண்டறிந்தனர். அன்றியும் வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்வதற்கு அதே மூலிகங்களையே ஆயுதமாக்குகின்றன. எல்லா மூலிகங்களையும் ஒழித்துவிடுவது உடலுக்கு உதவியாகாது.

மஞ்சளின் கதையும் இத்தகையதே. குர்குமின் குழாயிலே வியத்தகு செயல்களைக் காட்டும். வாய்வழி உட்கொண்டாலோ அதிற் பெரும்பகுதி குருதியைச் சென்றடைவதில்லை. சென்ற சிறிதளவையும் ஈரல் விரைவில் மாற்றிவிடுகின்றது. எவர் மருந்து பெறுகின்றார், எவர் வெறுங் குளிசை பெறுகின்றார் என்பதை நோயாளியும் வைத்தியரும் அறியாதபடி நடத்தும் பரிசோதனையே இத்துறையில் நம்பத்தக்கது. அத்தகைய பரிசோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என, 120க்கு மேற்பட்ட மனித ஆய்வுகளைக் கருத்திற்கொண்ட இரசாயன அறிஞர் சிலர் 2017இல் முடிவுரைத்தனர். அமெரிக்க விவசாயத் திணைக்களமும், உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலை வரிசைப்படுத்திய தனது அட்டவணையை, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகின்றனர் என்ற காரணத்தையும் காட்டி 2012இல் நீக்கிவிட்டது. அட்டவணை நீங்கியது, பொதிகளிலிருந்து அச்சொல் நீங்கவில்லை.

இவையெல்லாம் அறிஞரின் வாதங்கள், எமக்கென்ன என்று இருந்துவிடல் இயலாது. எமது அயலில் ஒரு தையற்காரர் இருக்கின்றார். ஐம்பது வயதைக் கடந்தவர், நீரிழிவு நோயாளர். அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் மாதந்தோறும் குளிசை இலவசமாகக் கிடைத்துவந்தது. ஒரு நாட் காலை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பது மட்டுமே அவருடைய குறை. அவருடைய கடைக்கே ஒருவர் வந்து, மூலிகைக் குளிசைப் போத்தலொன்றை விற்றுச் சென்றார். விலை, தையற்காரரின் நான்கு நாள் உழைப்பு. போத்தலுடன் ஒரு பரிசோதனைப் பத்திரமும் இருந்தது. அதை அவர் எம்மிடம் பெருமையுடன் காட்டினார்.

“மாஸ்டர், இது லாப்பிலை சோதிச்ச சாமான். பேப்பரெல்லாம் இருக்குது.”

அப்பத்திரத்திற் பொய் எதுவும் இல்லை. மெதனோற் சாறு டி.பி.பி.எச். நிறத்தை எத்தனை வீதம் நீக்கியது என்பதே அதில் இருந்தது. நீரிழிவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் எடுத்துச் சொன்னோம். கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளின் முன் அயலவரின் சொல் எடுபடவில்லை. கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டார். சில மாதங்களின் பின், தையல் இயந்திரத்தின் மிதிபலகையை மிதிக்கும் வலது காலில் ஒரு சிறு காயம். உணர்ச்சி குன்றிய காலாதலால் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு விரல்களை அகற்றவேண்டி வந்தது. இப்பொழுது இடக்காலால் மிதித்துப் பழகுகின்றார். போத்தலை விற்றவருக்கும் பத்திரத்தில் ஒப்பமிட்டவருக்கும் இச்செய்தி தெரியாது. தெரிந்தாலும் சட்டம் அவர்களைத் தீண்டுமோ என்பது ஐயமே. அவர்கள் எழுதியதில் எதுவும் பொய்யில்லை.

இதற்குப் பண்டை வைத்தியத்தைக் குறைகூற முற்படுவோர், அந்த வைத்தியம் மெதனோலைக் கண்டதில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பரியாரியார் இலையை நீரில் இட்டு எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சினார். எப்பருவத்துச் செடி, எப்பகுதி, எவ்வாறு சுத்தி செய்வது, எவருக்கு எத்தனை நாள் என்றெல்லாம் வரையறுத்தார். ஒரே செடியின் இரசாயனச் சேர்க்கை மண்ணுக்கும் பருவத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும் என்பதை இன்றைய பகுப்பாய்வு காட்டும்போது, அவ்வரையறைகளிற் சிலவற்றுக்கேனும் பொருள் இருந்திருக்கலாம் என்று தோன்றுகின்றது. இன்றைய வியாபாரியோ பழைமையிலிருந்து பெயரையும், புதுமையிலிருந்து பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டினது கட்டுப்பாட்டையும் கைவிட்டுவிடுகின்றான்.

அப்படியாயின் மூலிகையை மருந்தென நிறுவுவது எங்ஙனம்? இலங்கையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவை 1820இற் பெலற்றியே, கவென்ரூ என்னும் பிரெஞ்சு இரசாயனர் இருவர் பிரித்தெடுத்தனர். குருதியில் வாழும் மலேரியா ஒட்டுண்ணியை அது கொல்கின்றது. அளவு தெரியும், பயன் தெரியும், மிகுந்தால் வரும் கேடும் தெரியும். அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. கோப்பி நோய்ப்பட்டு அழிந்தபோது தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். விளைவு மிகுந்து விலை வீழ்ந்ததும் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். ஆயின் 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா எமது நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது, இறந்தோர் கிராமத்து ஏழைகளே. எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய இடதுசாரிகள் கேகாலைப் பகுதியிற் கொயினாவுடன் உணவையும் சுமந்து சென்றனர். வரட்சியாலும் விளைவின்மையாலும் பட்டினி கிடந்த உடலில் மருந்து மட்டும் போதாதென்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். அடுத்த 1935 மார்கழியிற் சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

அதே கேகாலை மாவட்டத்தில் 2020 மார்கழியில், கொரோனாவுக்கு மருந்தெனக் கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக்கொண்டு திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரே அதனைப் பலரறியப் பருகினார். அடுத்த மாதம் அவரையும் அந்நோய் பற்றிக்கொண்டது. ஒரு மாவட்டத்தின் எண்பத்தைந்து ஆண்டுகள் எமக்குச் சொல்வது இதுவே: மக்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றவர்கள் அன்று இருந்தனர், இன்று மக்களின் அச்சத்தைத் தேடிச் செல்வோர் மலிந்துவிட்டனர்.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. சிங்களவர் 'கொத்தல ஹிம்புட்டு' என்றும் சித்தவைத்தியர் பொன்கொரண்டி என்றும் கூறும் கொடியின் கட்டையைக் குடைந்து குவளை செய்து, அதில் இரவு முழுதும் நீர் வைத்து, நீரிழிவு நோயாளர் காலையிற் பருகுவது இந்நாட்டு வழக்கம். கியோத்தோவின் மருந்தியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிகாவாவும் உடனாய்வாளரும் 1997இல் அதிலிருந்து சலாசினோல் என்ற சேர்வையைப் பிரித்தனர். கந்தகம் பொருந்திய அச்சேர்வை, குடலில் மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கும் நொதியத்தைத் தடுக்கின்றது. உணவின் பின் குருதியிற் சீனி மெல்லவே ஏறுகின்றது. இலங்கையில் நீரிழிவு நோயாளர் 51 பேரிடம், நோயாளியும் வைத்தியரும் அறியா முறையில் நடத்திய பரிசோதனை 2005இல் வெளிவந்தது. அம்மூலிகைத் தேநீரை அருந்திய காலத்திற் சீனியின் அளவு குறைந்திருந்தது. ஆய்வு சிறியதே, மேலும் பெரியன வேண்டும், வைத்தியரின் குளிசையை விட்டுவிட அது அனுமதி தரவில்லை. ஆயினும் இதுவே வழி. பாட்டனாரின் குவளை ஓர் உண்மையைத் தாங்கியிருந்தது. பொருள், செயல், மனிதன் என்னும் மூன்று படிகளிலும் ஏறி அவ்வுண்மை வெளிச்சத்துக்கு வந்தது.

வெளிச்சத்துக்கு வந்தபின் அது யாருக்கு உரியது என்ற வினா எழுகின்றது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்ற, எமது பாட்டிமார் யாவரும் அறிந்த செய்திக்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டிப் போராடி, 1997இல் அதனை நீக்குவித்தது. எழுத்திற் பதிந்த அறிவு காப்பாற்றியது என்பது இங்கே கருதத்தக்கது. சுரண்டல் கடல் கடந்து மட்டும் வருவதில்லை. காட்டிற் கொடியை வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டு வருபவனின் கூலியையும், பளபளப்பான பொதியின் விலையையும் ஒப்புநோக்கினால் உள்ளூர்ச் சுரண்டலும் தெளிவாகும். வேரும் தண்டும் வெட்டப்பட்டால் கொடியும் அழியும். 'எமது முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர்' என்ற பெருமிதப் பேச்சு, இச்சுரண்டலுக்கு இடும் திரை.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு நாம் கூறுவது இது. ஒட்சியேற்றப் பாடத்தை நடத்தும் நாளில், கடையில் விற்கும் ஒரு பொதியையும் வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். இதிலுள்ள பொருள் எது? எக்கரைப்பானில் எடுத்துச் சோதித்தனர். நாம் உட்கொள்வதும் அதுதானா? உடலில் எங்கே சென்று என்ன செய்கின்றது? மனிதரிற் சோதித்தனரா? ஆதாயம் யாருக்குச் சேர்கின்றது? இவ்வைந்து வினாக்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர் அவற்றைத் தம் வீட்டுக்கும் ஊருக்கும் எடுத்துச் செல்லட்டும். பல்கலைக்கழகத்திற் பயில்வோர், நிறம் மறைந்த குழாயோடு ஆய்வை முடித்துவிடாது அடுத்த படிக்குச் செல்லக் கோருங்கள். அதற்கான பணத்தை அரசிடம் கேளுங்கள். முடிவுகளை மக்களின் மொழியில் எழுதுங்கள். வைத்தியசாலை வரிசையில் நிற்பவரின் ஒரு நாட் கூலி போகாதபடி மாலை நேரக் கிளினிக்குகளைத் திறக்கச் சொல்வதும் இதே போராட்டத்தின் பகுதியே. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் பெற்ற நாட்டில், பொருள் விளங்காத ஒரு சொல்லுக்காக ஓர் ஏழை நான்கு நாள் உழைப்பைக் கொடுத்துத் தன் காலின் விரல்களையும் இழப்பானாயின், கற்றவர்களாகிய நாம் எவருக்காகக் கற்றோம் என்ற வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும்.